தறிக்குழியில் தேங்கும் சுயாட்சி

மாநில சுயாட்சி பத்தி இன்னைக்குப் பேசப் போறோம். எங்க சித்தி வீட்டுத் தறியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

சித்தி கலசப்பாக்கம் பக்கத்துல ஆரணிப் பட்டு நெய்யறாங்க. குழித்தறி. தெருக் கால்வாய் சரியில்லன்னா மழைத்தண்ணி நேரா கால் வைக்கிற குழிக்குள்ள இறங்கிடும். அது வத்துற வரைக்கும் நெசவு கிடையாது, கூலியும் கிடையாது. 2025 கோடையில ஊருக்குப் போனப்ப சொன்னாங்க: "முன்னெல்லாம் மெம்பர் வீட்டு வாசல்ல போய் நின்னு சத்தம் போடுவேன். இப்ப யார் வீட்டுக்குடா போறது?"

2019 டிசம்பர்ல நாம தேர்ந்தெடுத்த ஊராட்சிகளோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சது. தேர்தல் நடக்கல, தனி அலுவலர்கள் வந்தாங்க. 2016-ல இருந்து 2019 வரைக்கும் மூணு வருஷம் இதே கதைதான். ஆட்சி மாறுச்சு, இந்தப் பழக்கம் மாறல.

அதே 2025 ஏப்ரல்ல, மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில தமிழக அரசு குழு அமைச்சது. 1969-ல ராஜமன்னார் குழு, 1974-ல சட்டமன்றத்துல சுயாட்சித் தீர்மானம்னு இதுக்கு நீண்ட வரலாறு இருக்கு. கோரிக்கை நியாயமானது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா டெல்லிகிட்ட சென்னை கேட்கிறதைத்தான் சித்தி சென்னைகிட்ட கேட்கிறாங்க.

பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸைப் பாருங்க. 1979 வாக்கெடுப்புல, ஓட்டுப் போட்டவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பேர் தனி மன்றம் வேண்டாம்னாங்க. 1997-ல வெறும் 6,721 ஓட்டு வித்தியாசத்துல 'வேணும்' ஜெயிச்சது. 1999-ல மன்றம் வந்தப்ப அதிகாரம் ரொம்பக் குறைவு. 2011-ல, சட்டம் இயற்ற முழு அதிகாரம் தரலாமான்னு கேட்டப்ப 63 சதவீதத்துக்கு மேல சம்மதம். நடுவுல அங்க தவறாம தேர்தல் நடந்தது. திட்டறதுக்கும் கேள்வி கேட்கிறதுக்கும் பக்கத்துலயே ஆள் இருந்தாங்க. நம்பிக்கை அப்படித்தான் வளர்ந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

வேல்ஸ் மன்றம் லண்டன் போட்ட ஒரு சட்டத்துல நிக்குது. நம்ம ஊராட்சிக்கோ அரசியல் சட்டமே காவல்: அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள தேர்தல் நடத்தணும்னு 1993-ல அமலுக்கு வந்த 73-ஆவது திருத்தம் சொல்லுது. அப்படியும் நாற்காலி காலியா கிடந்தது.

அடுத்த தடவை ஊருக்கு ஃபோன் பண்ணும்போது, "நம்ம வார்டுக்கு இப்ப மெம்பர் யாரு?"ன்னு கேட்டுப் பாருங்க.