ஒப்புரவு: ஒரு சொல்லின் வரலாறு



தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழருள் கிறிஸ்தவ சமயத்தாரும் உளர். அவர்தம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் 'அட்டோன்மென்ட்' என்று பயிலும் கோட்பாட்டைப் பெற்றோர் தமிழ் வேதாகமத்தில் ஓரிடத்தில் 'பாவநிவிர்த்தி' என்றும், மற்றோரிடத்தில் 'ஒப்புரவாகுதல்' என்றும் படிக்கின்றனர். ஆங்கிலத்தில் ஒன்றாக நிற்பது தமிழில் இரண்டானது ஏன்?

சமயக் கோட்பாடுகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுட் பெரும்பாலன லத்தீனிலிருந்து வந்தவை. இதுவோ ஆங்கில மண்ணிலேயே முளைத்தது. பிணங்கியவர் மீண்டும் கூடுவதை 'அட் ஒன்', அதாவது 'ஒன்றாயிருத்தல்' என்பது அந்நாட்டு மக்கள் வழக்கு. அத்தொடரோடு 'மென்ட்' என்னும் விகுதி சேர்ந்து சொல்லாயிற்று. தாமஸ் மோர் என்னும் அறிஞர் ஏறத்தாழ 1513இல் எழுதிய வரலாற்று நூலில், பகை தீர்ந்த பிரபுக்களின் இணக்கத்தை இச்சொல்லாற் குறித்தார். அவருடைய சமய எதிரியான வில்லியம் டிண்டேல் 1526இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் இதனை ஆண்டு, கடவுளுக்கும் மனிதனுக்கும் உண்டாகும் உறவைச் சுட்டினார். மொழிபெயர்ப்புப் பணியோடு பிணைந்த குற்றச்சாட்டுக்காக 1536இல் அவர் கொல்லப்பட்டார், சொல் நிலைத்தது.

கிரேக்க மூலத்தில் அவ்விடத்துள்ள 'கட்டல்லகே' என்பதற்கு நாணயம் மாற்றுதல் என்பது பழைய பொருள். பகை நட்பாக மாறுதல் பின்னர் வந்தது. எபிரேய மொழியின் 'கிப்பூர்' வேறானது. அது குற்றத்தைத் துடைக்கும் சடங்கைச் சேர்ந்தது. டிண்டேல் 1530இல் வெளியிட்ட பழைய ஏற்பாட்டுப் பகுதியில் இதற்கும் அதே ஆங்கிலச் சொல்லை வழங்கினார். இங்ஙனம் இரு கருத்துகள் ஒரு சொல்லிற் கலந்தன. நாளடைவில் ஒன்றுபடுதல் என்ற பொருள் மங்கி, பரிகாரம் என்பதே மேலோங்கிற்று. 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு, புதிய ஏற்பாட்டினின்றும் இச்சொல்லையே நீக்கிவிட்டது.

கிப்பூர் நாளை நம் மும்பையிலும் காணலாம். கொங்கணக் கரையில் நெடுங்காலம் வாழ்ந்த பெனே இஸ்ரவேலர் அதனை மராத்தியில் 'கதவடைப்புத் திருநாள்' என்னும் பொருள்பட வழங்கினர். அவர்கள் 1796இல் இந்நகரில் தொழுகைக்கூடம் அமைத்தவர்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் இரண்டனையும் பிரித்தே வைத்தனர். குற்றம் நீங்குவது பாவநிவிர்த்தி; உறவு மீள்வது ஒப்புரவு. பின்னதோ வள்ளுவர் 22ஆம் அதிகாரத்திற்குத் தலைப்பாகக் கொண்ட பழஞ்சொல். உலகத்தோடு ஒத்து, பிறர்க்குப் பயன்பட வாழ்வதே அங்கு அதன் பொருள்.

இப்பிரிவு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. ஒரே சுவரைப் பங்கிட்டு வாழும் குடியிருப்புகளில் பூசல் எழுவது இயல்பு. தவறியவன் தண்டம் செலுத்திவிடலாம். அதனால் அண்டைவீட்டார் முகங்கொடுத்துப் பேசிவிடுவாரோ? கணக்குத் தீர்வது ஒன்று, மனம் பொருந்துவது மற்றொன்று என்பதைத் தமிழ் இரு சொற்களால் உணர்த்துகின்றது. வேற்றுமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அவ்விரண்டனையும் சொல்லிக் கொடுப்போமாக.