தேய்ந்த கைக்கடிகாரம்

பிறந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பழைய கைக்கடிகாரம் ஒன்று இருக்கக் காணலாம். பீரோவின் உள்ளறையில், காலாவதியான பாஸ்புத்தகங்களுக்கும் யாரோ எழுதிய கடிதங்களுக்கும் நடுவே, வார் உலர்ந்து வெடித்து அது கிடக்கும். முதற் சம்பளத்தில் வாங்கியதாக இருக்கலாம். மாமனார் திருமணத்தில் அணிவித்ததாக இருக்கலாம். ஓய்வு பெற்ற நாளில் அலுவலக நண்பர்கள் பணம் சேர்த்து அளித்ததாகவும் இருக்கலாம். அதனை எறிய மனம் வருவதில்லை, அணியவும் இயல்வதில்லை. அக்கடிகாரம் தானியங்கி வகையைச் சேர்ந்ததாயின், ஓய்வு நேரங்களில் நம் கையாலேயே அதனைப் பிரித்துச் செப்பனிடுவது எங்ஙனம், அதில் எதனைப் புதுக்குவது, எதனைத் தொடாது விடுவது என்பன பற்றி நேயர்களுடன் பேச விழைகிறோம்.

தானியங்கி என்னும் பெயரைக் கேட்டு எவரும் மயங்க வேண்டா. அக்கடிகாரம் தானே இயங்குவதன்று. அணிந்தவர் கை வீசி நடப்பதும், குழந்தையைத் தூக்குவதும், பேருந்தின் கம்பியைப் பற்றுவதுமே அதனை இயக்குகின்றன. யந்திரத்தின் முதுகுப்புறத்தில் அரைவட்ட வடிவான கனத்த உலோகத் தகடு ஒன்று நடு அச்சில் சுழலுமாறு பொருத்தப்பட்டிருக்கிறது. இதனை ரோட்டர் என்பர். கை சாயுந்தோறும் அதன் கனத்த விளிம்பு கீழ்நோக்கி இறங்கப் பார்க்கிறது. அச்சுழற்சியைச் சிறு பல்சக்கரங்கள் ஏற்று, சுருள்வில்லை இறுக்குகின்றன. சட்டைப்பைக் கடிகாரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இம்முயற்சி நடந்ததாயினும், பையில் உறங்கும் கடிகாரத்துக்கு அசைவு போதவில்லை. கடிகாரம் மணிக்கட்டுக்கு ஏறிய பின்னரே இக்கருத்துக்கு வாழ்வு வந்தது. ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயர் 1924-இல் சுவிட்சர்லாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் அமைத்த எடை முழுவட்டம் சுற்றாது. இரு புறமும் மோதி மோதித் திரும்பும். முழுவட்டம் சுற்றும் ரோட்டரை 1931-இல் ரோலெக்ஸ் நிறுவனம் தன் கடிகாரங்களில் அமைத்தது.

கை ஓயாது அசைந்தால் சுருள்வில் அளவுக்கு மீறி இறுகி அறுந்துவிடாதோ என்று சிலர் ஐயுறலாம். சாவி கொடுக்கும் கடிகாரத்தில் சுருள்வில்லின் வெளிநுனி, அது அடங்கியிருக்கும் உருளையின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். தானியங்கியிலோ அந்நுனி சுவரை அழுத்திக்கொண்டு மட்டும் நிற்கும்; முறுக்கு நிறைந்ததும் சற்றே வழுக்கிக் கொடுக்கும். இந்த வழுக்கலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எண்ணெயிடும் கட்டத்தில் இதன் தேவை விளங்கும்.

நம் நாட்டில் இத்தகைய கடிகாரங்கள் பெருவாரியாகப் புழங்கியதற்கு இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்.எம்.டி., ஒரு முக்கிய காரணம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையுடன் 1961-இல் பெங்களூரில் அதன் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் ஆகிய இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பரவியதும் நிலைமை மாறிற்று. நட்டம் வளர்ந்து, அக்கடிகார நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. ஆகவே இன்று நம் வீட்டுக் கடிகாரத்துக்கு உதிரி உறுப்பு வேண்டுமாயின் பழைய இருப்பைத் தேட வேண்டும். அல்லது உயிரற்ற மற்றொரு கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கொல்கத்தாவின் ராதா பஜாரிலும் மும்பையின் சோர் பஜாரிலும் இதற்கென அலைபவர்கள் இன்றும் உண்டு.

எங்கள் சிற்றப்பா ஜாம்ஷெட்பூரில் ஓர் ஆலையின் வரைபடப் பிரிவில் பணியாற்றியவர். 1984-இல் வாங்கிய தானியங்கிக் கடிகாரம் ஒன்றை முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் கையினின்றும் கழற்றியதில்லை எனலாம். நோயுற்றுப் படுக்கையில் இருந்த இறுதி ஆண்டில் அது அடிக்கடி நின்றது. "எனக்கு முன்னால் இது போய்விடும் போலிருக்கிறதே!" என்பார். கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே நன்றாக ஓடும். அவர் கையில் கட்டினால் விடியுமுன் நின்றுவிடும். நாங்கள் ஒரு பகல் முழுவதும் அணிந்து பார்த்தோம், இரவெல்லாம் ஓடிற்று. எண்ணெய் உலர்ந்திருந்தது மெய்யே. ஆயினும் முதற் காரணம் அதுவன்று. கட்டிலில் கிடந்த கையின் அசைவு ரோட்டருக்குப் போதவில்லை. இதனை அவரிடம் விளக்கிச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை. அவருடைய மகள், எங்களுக்குத் தங்கை முறை, அவர் உறங்கிய பின் அதனைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு வீட்டு வேலைகளை முடிப்பாள். விடியுமுன் மீண்டும் அவர் கையில் கட்டிவிடுவாள். அவர் 2019-இல் காலமானார். சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்த அக்கடிகாரத்தைத் தான் நாங்கள் பின்னர் பிரித்தோம். ஆகவே இனிச் சொல்வன ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல.

கருவிகள் மிகுதியாக வேண்டா. கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடி ஒன்று, கூர்மையான சாமணம் இரண்டு, நுனி சீராகத் தீட்டப்பெற்ற சிறு திருப்புளிகள், தூசியை ஊதும் ரப்பர் பந்து, மெத்தையின்மேல் விரித்த வெள்ளைத்தாள், பல அறைகள் கொண்ட மாத்திரை டப்பா ஆகியவை முதலில் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுவது நலம். நம் தாத்தா காலத்துக் கடிகாரக்காரருக்கு இல்லாத வசதி ஒன்று நமக்கு உண்டு: ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்னும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

பின்மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தை நோக்குக. பிறைவடிவான கீறல்கள் அங்கே தென்பட்டால் ரோட்டரின் நடு அச்சோ, அதனைத் தாங்கும் குண்டுகளோ தேய்ந்து, ரோட்டர் ஒரு பக்கம் சாய்ந்து மூடியை உரசுகிறது என்று பொருள். தானியங்கியில் முதலில் தேயும் இடம் பெரும்பாலும் இதுவே. தேய்ந்த அச்சைத் தட்டி நிமிர்த்துவதைக் காட்டிலும் வேறு ரோட்டரைத் தேடிப் பொருத்துவதே நன்று. எங்கள் கடிகாரத்தில் அக்கீறல்கள் நகக்கண் ஆழத்துக்கு இருந்தன.

ரோட்டரையும் அதன் பல்சக்கரங்களையும் அகற்றிய பின், வேறெதனையும் தொடுமுன், சுருள்வில்லில் எஞ்சியிருக்கும் முறுக்கை விடுவித்தாக வேண்டும். இறுக்கத்தைத் தாங்கி நிற்கும் சிறு தடைக்கொக்கியைச் சாமணத்தால் விலக்கிப் பிடித்து, சாவியை மெல்ல மெல்ல விரல்களுக்கிடையே திரும்ப விட வேண்டும். முறுக்குடன் இருக்கும் யந்திரத்தைப் பிரித்தால், சக்கரங்கள் ஒரு நொடியில் சுழன்று மயிரினும் மெல்லிய அச்சுமுனைகள் ஒடிந்துபோகும்.

அடுத்து, இப்புறமும் அப்புறமும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரத்தை மயிரிழைச் சுருளுடன் எடுக்க வேண்டும். இதுவே கடிகாரத்தின் நாடி. பல தானியங்கிகளில் இது மணிக்கு 21,600 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு 5,18,400 துடிப்பு. அதன் கீழே நங்கூரம் போன்ற சிறு கவை ஒன்று இருக்கும். அக்கவையின் இரு நுனிகளிலும் செந்நிறக் கற்கள் பதிந்திருக்கும். பழைய கடிகாரத்தின் மாணிக்கக் கற்களுக்கு நல்ல விலை கிடைக்குமா என்று கேட்பவர் உண்டு. அவை செயற்கை மாணிக்கங்கள். அவற்றை உலையில் உருக்கி வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலார் வெர்னூய் 1902-இல் வெளியிட்டார். ஆகவே விற்றுச் செல்வராகும் எண்ணம் வேண்டா.

அக்கற்களைக் கவையில் ஒட்டியிருப்பது எது தெரியுமா? நம் அரக்கு! ஜார்க்கண்டின் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குத்தான், சுவிட்சர்லாந்துக் கடிகாரமாயினும் ஜப்பானியக் கடிகாரமாயினும் அதன் நுண்ணிய கல்லை நெடுங்காலமாகப் பிடித்து நிறுத்தி வந்திருக்கிறது. பாண்டவர்க்கு மாளிகை கட்டிய பொருள் கடிகாரத்தினுள்ளும் இருக்கிறது. அரக்கு சாராயத்தில் கரையும். ஆதலின் கவையையும் பேலன்ஸ் சக்கரத்தையும் ஸ்பிரிட்டில் ஊறப் போடலாகாது. மற்ற உறுப்புகளைக் கழுவ, கடிகாரக்காரர்கள் நெடுங்காலம் பெட்ரோலைப் பயன்படுத்தினர். அடுப்பும் பூசை விளக்கும் எரியும் வீட்டில் அதற்கு இடமில்லை. கடிகாரத்துக்கென விற்கப்படும் கழுவுநீரை, சன்னல்களைத் திறந்துவைத்துப் பயன்படுத்துக. கற்களின் துளைகளைக் கூராகச் சீவிய மரக்குச்சியால் துடைத்து, அச்சுமுனைகளை நெட்டியில் குத்தி எடுத்தால் பழைய எண்ணெயின் பிசுக்கு அகன்றுவிடும். இப்பணியில் அவசரம் ஆகாது. எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கழிந்தன.

எண்ணெயிடுவதில் மிகுதிதான் பகை. ஊசிநுனியில் ஒட்டும் அளவே ஓர் அச்சுக்குப் போதும். தையற்பொறி எண்ணெயும் தேங்காயெண்ணெயும் இங்கே உதவா. கவையின் அச்சுகளுக்கு எண்ணெயே இடுவதில்லை; அதன் கற்களின் முகத்தில் மட்டும் சிறிது இடுவர். முன்னே சொன்ன வழுக்கலை இங்கே நினைவுகூர்க. தானியங்கியின் உருளைச் சுவரில் சாதாரண எண்ணெய் பட்டால் சுருள்வில் முறுக்கு நிறையுமுன்பே வழுக்கிவிடும். நாற்பது மணி நேரம் ஓட வேண்டிய கடிகாரம் பாதிப் பொழுதில் நின்றுவிடும். அதற்கென உராய்வு மிகுந்த தனிப் பசை உண்டு. மறுபடி மறுபடி பழுதுபார்த்தும் இரவில் நிற்கும் தானியங்கிகளில் இக்குறை இருக்கிறதா என்று பார்ப்பது நன்று.

மீண்டும் கோத்து முடித்ததும் கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால் அஞ்ச வேண்டா. மயிரிழைச் சுருள் காந்தமேறி அதன் வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு, கைப்பேசியின் உறை ஆகிய யாவும் இதனைச் செய்யும். காந்தம் நீக்கும் சிறு கருவியால் ஒரு நொடியில் சீராகும். அந்நாளில் வானொலிச் செய்திக்கு முன் ஒலித்த நேரக்குறியைக் கேட்டுப் பலர் கடிகாரத்தைத் திருத்தினர். இப்பொழுது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் பேணும் இந்திய நேரத்தை இணையத்திலேயே கண்டு ஒப்பிடலாம். நாளுக்கு 10 வினாடி பிறழ்வது, பதினாயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான பிழையே. பழைய யந்திரத்திடம் அதனினும் மிகுதியாக எதிர்பார்ப்பது நியாயமன்று.

யந்திரம் இவ்வாறாயிற்று. முகப்பை என்செய்வது? எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது இங்கேதான். புணேயில் வாழும் தம்பி, "அப்பாவின் கடிகாரம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும், டயலுக்கு வண்ணம் பூசி, கேசுக்குத் தங்க முலாம் ஏற்றிவிடுங்கள், அண்ணா" என்றான். அவன் சொன்னதும் அன்பினாலேயே. அவ்வேலையை மலிவாகச் செய்து தருவோர் உளர். ஆனால் மறுவண்ணம் பூசப்பெற்ற முகப்பில் எழுத்துகள் தடித்துவிடும். நிமிடக் கோடுகள் முள்ளின் நுனிக்கு நேராக நில்லா. இந்தியச் சந்தையிலிருந்து செல்லும் பழைய கடிகாரங்களை வெளிநாட்டுச் சேகரிப்போர் ஐயத்துடன் புரட்டிப் பார்ப்பதற்கு இவ்வழக்கமே காரணம். மெருகேற்றும் சக்கரத்தில் கேசைப் பிடித்தால், கூரிய விளிம்புகள் சோப்புத் துண்டைப் போல மழுங்கும். பின்மூடியில் பொறித்த எழுத்தும் போய்விடும். தேய்த்தெடுத்த உலோகம் மீளாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிகப் பழைய கடிகாரங்களில், இருளில் ஒளிரும் பச்சை மையில் ரேடியம் கலந்திருப்பதுண்டு. அதனைச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

தங்கை ஒன்றும் வாதிடவில்லை. முலாம் கரைந்து பித்தளை தெரிந்த ஓரத்தைக் காட்டி, "வரைபலகையில் அப்பா கை ஊன்றும் இடம் இதுதான், அண்ணா" என்றாள். யந்திரத்தில் தேய்ந்தவற்றை எல்லாம் மாற்றினோம். வெளியில் தேய்ந்ததை அப்படியே விட்டோம். கண்ணாடி மட்டும் புதிது, ஏனெனில் பழையதன் வழியே முள் தெரியவில்லை. தம்பிக்கு இதில் இன்றும் முழு உடன்பாடில்லை.

கடிகாரம் இப்பொழுது ராஞ்சியில், தங்கையின் கையில் இருக்கிறது. அவள் பள்ளி ஆசிரியை. இடக்கையால் கரும்பலகையில் எழுதுபவள். கடிகாரத்தையும் அக்கையிலேயே அணிகிறாள். ஆதலின் முறுக்குக்குக் குறைவில்லை. நாளுக்கு ஏறத்தாழ 8 வினாடி முந்துகிறது. ஞாயிறுதோறும் ஒரு நிமிடம் பின்னே தள்ளிவைக்கிறாள். நீர் புகாது என்று பின்மூடியில் பொறித்திருப்பதை நம்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினோம். ரப்பர் வளையம் புதிதாயினும் சாவிக்குழல் பழையதுதான். மழை நாட்களில் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நலம்.