குடல் நோயுற்ற பிள்ளைகளும் பெரியோர் வைத்தியமும்
(இரும்பையில் கூடிய நம் சங்கக் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



மாகாளேசுவரர் எழுந்தருளியுள்ள இவ்விரும்பையில், நம்மவர் வாயெடுத்துச் சொல்ல வெட்கப்படும் ஒரு விஷயத்தைப் பேசத் துணிந்தேன். அஃது யாதெனில், குடலில் நெடுங்காலம் நிலைத்து நிற்கும் அழற்சி நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலே கிரோன் என்னும் வைத்தியரும் அவர் கூட்டாளிகளும் விவரித்த கிரோன் நோய் ஒன்று, பெருங்குடற்புண் மற்றொன்று. தீராத பேதி, இரத்தப்போக்கு, வயிற்றுவலி, வளர்ச்சி குன்றல் ஆகியவை குறிகள். நம் தேசத்திற் குடற் க்ஷயமும் ஏறக்குறைய இவ்வாறே தோன்றுவதால், கிரோன் நோயை அதினின்று பிரித்தறிவது தேர்ந்த வைத்தியருக்கும் எளிதன்று.

பிள்ளைப் பிராயத்தில் இந்நோய் கண்டவனுக்கு மருந்தைத் தாய் எடுத்துக் கொடுக்கிறாள். வைத்தியர் கேள்விக்குத் தந்தை விடை சொல்லுகிறார். பிள்ளையோ சுவரைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். மீசை அரும்பியதும், இனிப் பெரியவர்கள் பகுதிக்குப் போ என்று சீட்டு வருகிறது. அங்கே வைத்தியர் அவனையே வினவுவார். தன் நோயின் பெயரும் மருந்தின் அளவும் அறியாதவன் என் சொல்வான்? சிலர் அத்துடன் போவதையே விட்டுவிடுகின்றனர். வலியில்லாத மாதங்களில் மருந்து நின்றுவிடுகிறது, நோயோ நிற்பதில்லை. அஸதயோபிரின் உண்பவர் இடையிடையே இரத்தம் பரிசோதிக்க வேண்டும். பெருங்குடற்புண் பரவியுள்ளவர், நோய் தொடங்கிச் சுமார் 8 ஆண்டுகள் சென்றபின், புற்று தோன்றுகிறதா என்று குழாய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போன வருஷங்களை யார் திருப்பித் தருவார்?

ஆகையால் இம்மாற்றத்திற்கு 12, 13 வயதிலேயே ஆயத்தஞ் செய்க என்பது இத்துறை வல்லோர் கருத்து. பிள்ளை தன் மருந்தைத் தானே எடுத்துண்ணட்டும். வைத்தியரோடு சிறிது நேரம் தனியே பேசட்டும். அப்போது பெற்றோர் வெளியே நிற்பது அவமானமன்று. நோய் கண்ட ஆண்டு, குடலில் அஃதுள்ள இடம், செய்த அறுவை, ஒவ்வாத மருந்து, க்ஷயப் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றைப் பழைய வைத்தியரிடமே ஒரு தாளில் எழுதி வாங்குக. இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் உறங்கும் க்ஷயத்தை எழுப்பவல்லவை யாதலின், கடைசியிற் சொன்னது மிக முக்கியம். நோய் கிளர்ந்திருக்கும் சமயத்தில், கூடுமானவரை, வைத்தியரை மாற்றலாகாது.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவாகம் தடைப்படுமென்று நோயை மறைத்து, மணமானபின் மருந்தையும் மறைக்கச் செய்கின்றோம். இது கொடுமை. நோய் அடங்கியிருக்குங் காலத்திற் கருத்தரிப்பதே நலம். பெரும்பாலான மருந்துகளை வைத்தியர் யோசனைப்படி அப்போதும் உண்ணலாம். மெதோட்ரெக்ஸேட் போன்ற சிலவற்றை முன்னதாகவே நிறுத்த வேண்டும். இதைக் கேட்டறிய அவளுக்கு வாய் திறக்கும் பழக்கம் வேண்டுமன்றோ?

புதுச்சேரி ஜிப்மர் நமக்கு அண்மையில் இருப்பது பாக்கியமே. எனினும் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்யும் வீட்டாருக்கு அங்கே சென்றுவரும் நாள் கூலியற்ற நாள். (அவ்வெயிலில் பேதியுள்ள வாலிபனை வேலைக்கு அனுப்புவது பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை.) துணைக்குச் செல்பவரின் ஒரு நாட் கூலியை நம் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமென்று பிரேரேபிக்கின்றேன். விரும்புவோர் காரியதரிசியிடம் தெரிவிக்கலாம். பெயர் இப்பத்திரிகையில் வெளிவராது.