விருந்தாளியின் இலையில் நம்ம ஊர் விளைச்சல்

(வேளாண் சுற்றுலா குறித்து விவசாயிகள், மகளிர் சுய உதவிக் குழுவினர் மத்தியில் ஆற்றிய உரை)



வேளாண் சுற்றுலான்னு சொன்னதும் பல பேர் மனசுல வர்றது ஒரு குடில், ஒரு மாட்டு வண்டி, நாலு செல்ஃபி. அதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்கிறது ஒரே கேள்விதான். வர்ற விருந்தாளிக்கு இலையில போடுற சோறு எந்த வயல்ல விளைஞ்சது? "எங்க ஊர்ல" என்று பதில் வந்தால் அது வேளாண் சுற்றுலா. டவுன் மொத்தக் கடையில் வாங்கினது என்றால் அது வயல் நடுவே இருக்கிற ஓட்டல், அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலமான கேரளத்தில், கோட்டயம் மாவட்டத்துக் குமரகத்தைப் பாருங்க. வேம்பநாட்டுக் காயல் கரை ஊர். படகு வீடும் கரிமீனும் அங்கே பிரபலம். ஆனா ரிசார்ட்டுகள் பெருகின காலத்துல ஊர் மக்களுக்கு ஒரு மனக்குறை இருந்தது. கூட்டம் நம்ம ஊருக்கு வருது, காசு மட்டும் வெளியே போகுதேன்னு. சமையலறைக்கு வேண்டிய காய்கறியே வெளிச் சந்தையிலிருந்துதான் வந்துக்கிட்டிருந்தது.

2007-ல் கேரள அரசு பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்தைத் தொடங்கியது. கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம் என நான்கு இடங்களில் முதலில் செயல்படுத்தினார்கள். குமரகத்தில் சுற்றுலாத் துறை, ஊராட்சி, குடும்பஸ்ரீ பெண்கள், ஓட்டல்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசினாங்க. ஓட்டலுக்கு என்ன காய், எத்தனை கிலோ வேணும்னு கணக்கெடுத்தாங்க. குழுக்கள் அதுக்கேத்த மாதிரி பயிர் வச்சாங்க. தரிசாக் கிடந்த நிலமும் சாகுபடிக்கு வந்தது. விலையைப் பேசி முடிக்க ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு. 2008-ல் ஊர்க் காய்கறி ஓட்டல் சமையலறைக்குப் போக ஆரம்பிச்சது.

இதுல சிக்கல் எங்கே வரும்னா, ஓட்டலுக்குத் தினமும் ஒரே அளவு வேணும். வயல் அப்படிக் கொடுக்காது. மழை அடிச்சா கீரை அழுகிப்போகும். அதனாலதான் தனி ஆளா இதைச் செய்ய முடியாது, குழுவா செய்யணும். ஒரு வீட்டுத் தோட்டத்துல குறைஞ்சதை இன்னொரு வீட்டுத் தோட்டம் ஈடுகட்டும். காய்கறியோடு நிற்காமல், கயிறு திரிக்கிறதையும் ஓலைப் பாய் முடையிறதையும் பார்க்க விருந்தாளிகளை அழைச்சுப் போறாங்க. அந்தக் கட்டணத்துல தொழில் செய்யும் குடும்பங்களுக்கும் பங்கு உண்டு.

இத்தாலி நாட்டில் இதற்கென்று 1985-லேயே தனிச் சட்டம் வந்தது. விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம், ஆனால் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும். 2006-ல் வந்த சட்டம், பரிமாறும் உணவில் சொந்தப் பண்ணை விளைச்சலுக்கும் அந்த வட்டார விளைச்சலுக்கும் முதலிடம் தரச் சொல்கிறது. அறை வாடகை கூடினதும் வயலை மறந்துடக் கூடாதுங்கிறதுதான் அதோட உயிர்.

நம்மகிட்ட இல்லாததா? சிறுமலை வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு ரெண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. டெல்டாவில் மாப்பிள்ளைச் சம்பா இருக்கு. ஆனா வாங்க ஆள் இல்லாத ரகத்தை எந்த விவசாயியாலும் ரொம்ப நாள் விதைக்க முடியாது. ருசிச்சுச் சாப்பிட்ட விருந்தாளி ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போனா, அடுத்த பட்டத்துக்கும் அந்த விதை மண்ணுல விழும்.

சரி, கையில இருக்கிற போனை வச்சு என்ன செய்யலாம்?

முதலில், உழவன் செயலியில் சந்தை விலையையும் வானிலையையும் பாருங்க. சாப்பாட்டுக்கு விலை வைக்க அது உதவும்.

இரண்டாவது, பட்டா, சிட்டா விவரங்களைத் தமிழக அரசின் இணையச் சேவையில் எடுத்து வைங்க. கடன், மானியம் எதுக்குப் போனாலும் கேட்பாங்க.

மூன்றாவது, காசு வாங்கிச் சாப்பாடு போட்டால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டுங்க.

நான்காவது, வெளிநாட்டு விருந்தாளி தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்கணும்.

விருந்தாளியாப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பேர் வர்றீங்கன்னு முன்கூட்டியே போன்ல சொல்லுங்க, சோறு வீணாகாது. இந்த மாசம் உங்க தோட்டத்துல என்ன விளையுதுன்னு கேளுங்க, அதையே சமைக்கச் சொல்லுங்க. பருவத்துல இல்லாத காயைக் கேட்டா அவங்க டவுனுக்குத்தான் ஓடணும்.

கடன் வாங்கிக் குடில் கட்டி ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து பேர், ஒரு வேளைச் சாப்பாடு. அன்னைக்கு ராத்திரி குழுவா உட்கார்ந்து கணக்கு எழுதுங்க. அரிசிக்கும் காய்க்கும் பாலுக்கும் செலவான பணத்துல எவ்வளவு ஊருக்குள்ளேயே நின்னது, எவ்வளவு வெளியே போச்சு? வெளியே போன பொருள்ல எதை நம்ம நிலத்துல விளைவிக்கலாம்னு பாருங்க. அடுத்த போகத்துல அதை விதைங்க.