எல்லைப்புறத்தில் மரக்கறிச் சாப்பாடு



மரக்கறி மட்டும் உண்பவன் ஊர்விட்டு ஊர் சென்றால், கோவிலையும் மலையையும் பார்ப்பதற்கு முன்னால் சாப்பாட்டுக் கடையைத்தான் தேடுகிறான். இன்று நான் பேசப்போவது அப்படித் தேடிக் கண்ட இடங்களைப் பற்றித்தான். பாலக்காட்டுச் சீமையிலும் இடுக்கி மலைநாட்டிலும், தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களில் உள்ள உண்டிச்சாலைகள், தேநீர்க் கடைகள், பொது இடங்கள் ஆகியவற்றைக் குறித்து என் மனத்தில் பட்ட அபிப்பிராயங்கள் இவை. நான் சமையல் நிபுணன் அல்லன். மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். ஆகவே பண்டத்தோடு அதன் பெயரையும் சேர்த்து மென்று பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழருக்கு இந்த எல்லைப்புறத்துச் செய்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வேற்றுமொழி பேசுவோர் நடுவே, வேற்றுணவு உண்போர் நடுவே, தமக்கு ஒத்த உணவைக் கேட்டு வாங்கி உண்பது எப்படி? இது உங்களுக்கு நாள்தோறும் எழும் கேள்வி. அக்கேள்விக்கு இவ்வூர்கள் நெடுங்காலமாக விடை சொல்லி வந்திருக்கின்றன. அவ்விடைகளில் நாம் கற்கத் தக்கவையும் உண்டு. கைவிடத் தக்கவையும் உண்டு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். காற்றும் ரயிலும் நெசவாளரும் வணிகரும் அவ்வழியே போய் வந்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் அமையும் வரையில் பாலக்காடு, சென்னை ராஜ்யத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. தமிழர் மிகுந்து வாழும் தேவிகுளமும் பீருமேடும் அதே நாளில் கேரளத்தோடு நின்றன. அவை அடங்கிய இடுக்கி 1972-இல் தனி மாவட்டமாயிற்று. நிலத்துக்குக் கோடு போட முடிந்தது. சோற்றுக்கும் சொல்லுக்கும் அப்படிக் கோடு போட முடியவில்லை.

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பசித்தவனுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று எண்ண வேண்டாம். எல்லைப்புறத்தில் இலையில் எது விழும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சொல்தான்.

'கறி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் கறிச்சோறு என்றால் ஆட்டிறைச்சி. பாலக்காட்டு அக்கிரகாரத்தில் "இன்றைக்கு என்ன கறி?" என்று கேட்டால் வாழைக்காய் என்றோ சேனை என்றோ விடை வரும். மலையாளத்தில் சோற்றுக்குத் துணையாக வருவது எதுவானாலும் கறிதான். ஆகவே அங்கே கடலைக்கறியும் உண்டு, மீன்கறியும் உண்டு. நம் சங்க நூல்களிலோ கறி என்றால் மிளகு. ஒரே சொல்லை நால்வர் நான்கு பொருளில் ஆளும்போது, "கறி வேண்டாம்" என்று சொல்பவனுக்கு வெறுஞ்சோறு கிடைத்தால் வியப்பில்லை.

சாப்பாட்டுக் கடை வாசலில் மலையாளத்தில் 'ஊண்' என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் தமிழர் அதை 'ஊன்' என்று நினைத்து ஒதுங்கிவிடக் கூடும். ஊண் என்றால் உணவு. ஊன் என்றால் தசை. இரண்டும் பழந்தமிழ்ச் சொற்களே. ஒரு சுழிதான் வேறுபாடு. உள்ளே சென்றால், "வெள்ளம் வேண்டுமா?" என்று பரிமாறுபவர் கேட்பார். அவர் கேட்பது குடிக்கும் தண்ணீரை. 'சம்மந்தி' என்பது நம் வீட்டுச் சம்பந்தி அல்லர், துவையல். 'கொண்டாட்டம்' என்பது திருவிழா அன்று. வெயிலில் உலர்த்திய வற்றல். 'சர்க்கரை' என்று கேட்டால் வெல்லம் வரும்; சீனிக்குப் 'பஞ்சசாரை' என்று பெயர்.

இவற்றால் சிரிப்பு வரும், கேடு வராது. ஆனால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கேரளத்துச் சாதாரணச் சாப்பாட்டில், பல கடைகளில், சாம்பாரோடு மீன் சாறும் கேளாமலே ஊற்றப்படுவது உண்டு. அது கடைக்காரரின் தாராளம், வஞ்சகம் அன்று. இலை போடும்போதே சொல்லிவிட வேண்டியது நம் பொறுப்பு. எப்படிச் சொல்வது? "சைவமா?" என்று கேட்பதில் பயன் குறைவு. மலையாளத்தில் சைவம் என்பது முதன்மையாகச் சமயத்தின் பெயர். "மீனோ இறைச்சியோ முட்டையோ உண்டா?" என்று கேளுங்கள். மீன், இறைச்சி, முட்டை ஆகிய மூன்றும் ஏறக்குறைய அப்படியே இரு மொழிகளுக்கும் பொதுவான சொற்கள். கொள்கையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை குழம்பும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் விடை நேராக வரும்.

இனிப் பாலக்காட்டுக்கு வருவோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர் நகரை எட்டுவதற்குச் சில கிலோமீட்டருக்கு முன்பு, எலப்புள்ளிக்கு அருகில் ராமசேரி என்ற சிற்றூர் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நெசவுத்தொழில் முதலியார் குடும்பங்கள் அங்கே ஒரு தனி வகை இட்லி செய்து விற்றன. இன்று அதைச் செய்வோர் விரல்விட்டு எண்ணத்தக்க சில குடும்பத்தாரே. மண்பானையின் வாயில் நூலை வலைபோல் கட்டி, அதன்மேல் துணி விரித்து, மாவை ஊற்றுகிறார்கள். அதன்மேல் இன்னொரு பானை. விறகடுப்பின் ஆவி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறி மாவை வேகவைக்கிறது. இட்லி தட்டையாக, சிறு தோசை போல இருக்கும். தொட்டால் மல்லிகைப் பூ. தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்த பொடியோடு உண்ண வேண்டும். நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்கு முதல் வாயில் தயங்கும். மூன்றாம் வாயில் சமாதானமாகிவிடும். இதை அவசரமாகத் தின்பது அந்தப் பானைக்குச் செய்யும் அவமதிப்பு என்பது என் கருத்து.

நகரத்துச் சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது மட்டை அரிசிச் சோறு. செந்நிறம் கொண்டது, பருக்கை பெரிது. புவிசார் குறியீடு பெற்ற பாலக்காட்டு நெல். சன்ன அரிசிக்குப் பழகியவர்கள் அதைக் குறை கூறுவார்கள். புளிசேரியோடும் ஓலனோடும் பிசைந்து உண்டால் அந்தக் குறை தெரியாது. சாம்பாரைப் பொறுத்தவரை நான் கிழக்கு எல்லைக்காரன். இங்கே அதில் காய் மிகுதி, புளி குறைவு என்பேன். அவியலில் இவர்களுக்கு ஈடில்லை. குடிப்பதற்குப் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரோ, சீரகம் போட்ட வெந்நீரோ தருகிறார்கள். நம் பக்கத்துக் கடைகள் இதைக் கற்றுக்கொள்ளலாம். காய்ச்சிய நீரைக் கேளாமலே தரும் கடை, பாதி வைத்தியச் செலவைக் குறைத்துவிடுகிறது.

தேநீர்க் கடைகளின் கண்ணாடிப் பெட்டி மரக்கறிக்காரனுக்கு நல்ல நண்பன். பழப்பொரி, பருப்புவடை, உழுந்துவடை, பாசிப்பயற்று உருண்டையான சுகியன் ஆகியவை எல்லாம் அதில் இருக்கும். இறைச்சி அடைத்த பண்டமும் அதே பெட்டியில் இருக்கக் கூடும். கேட்டு வாங்குவது நல்லது. தொழிலாளரே நடத்தும் இந்தியன் காப்பி ஹவுஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடியபோது வேலையிழந்தவர்களை ஏ. கே. கோபாலன் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை திறந்தது. அங்கே மசாலா தோசைக்குள் பீட்ரூட் சேர்ந்து சிவந்திருக்கும். உருளைக்கிழங்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அது உவப்பதில்லை. எனக்கு அதன் நிறமும் இனிப்பும் பிடித்தே இருக்கின்றன. பக்கத்து நாற்காலிக்காரர் முட்டை உண்கிறார். நான் காய்கறிக் கட்லட் உண்கிறேன். இருவருக்கும் ஒரே மரியாதை. ஒரே தலைப்பாகைக்காரர் பரிமாறுகிறார்.

இவ்விடத்தில்தான் சிலர் முகம் சுளிக்கிறார்கள். "ஒரே தோசைக்கல்லில் அதையும் இதையும் சுடுவார்களே!" என்பது அவர்கள் கவலை. கவலை நியாயமானதே. தனிக் கல், தனிக் கரண்டி உண்டா என்று கேட்பது உண்பவனின் உரிமை. இல்லை என்றால் இட்லியோ புட்டோ வாங்கி உண்ணலாம். ஆவியில் வெந்ததற்குக் கல் இல்லை. ஆனால், இலையில் என்ன விழுகிறது என்று கேட்பது வேறு. பக்கத்து இலையில் யார் உட்காருகிறார் என்று கேட்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிய காலம் ஒன்று இருந்தது.

பாலக்காட்டை ஒட்டிய கல்பாத்தி, தேர்த்திருவிழாவுக்குப் புகழ்பெற்ற அக்கிரகாரம். அத்தெருக்களில் ஈழவ மக்கள் நடப்பதற்குத் தடை இருந்தது. 1924-இல் தேர்த்திருநாளையொட்டி அதனால் கலகமே மூண்டது. நடக்கவே இடம் தராத தெருவில், உட்கார்ந்து உண்ண எப்படி இடம் கிடைத்திருக்கும்? சென்னையிலும் ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்ற சொல் நெடுநாள் நின்றது. 1957-இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சமயம், சாதி முதலிய காரணங்களால் கடைக்குள்ளும் பொது உணவு விடுதிக்குள்ளும் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்திருந்தது. சட்டம் எழுதியாயிற்று, பலகை மாறக் காலம் பிடித்தது.

இன்று அந்தச் சொல் போய்விட்டது. அதற்குப் பதிலாக 'சுத்த சைவம்' என்ற பலகையைப் பல ஊர்களில் காண்கிறேன். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்த முதற்சொல் என்னை உறுத்துகிறது. 'சைவம்' என்றால் உள்ளே என்ன கிடைக்கும் என்பது விளங்கிவிடுகிறது. 'சுத்த' என்ற அடை எதைப் புதிதாகத் தெரிவிக்கிறது? எதிர்க்கடையில் உண்பவர் அசுத்தர் என்பதையா? சுத்தம் என்பது பாத்திரம் கழுவும் தொட்டியில் தெரிய வேண்டியது. பலகையில் எழுத வேண்டியது அன்று. கட்டிய உணவுப் பொட்டலங்களின்மேல் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி ஒன்றை அச்சிடுகிறார்கள். எழுத்தறியாதவருக்கும் அது புரிகிறது. எவரையும் அது இழிவு செய்வதில்லை. பலகைகள் அந்தப் புள்ளியிடம் பாடம் கேட்கலாம்.

பாலக்காட்டு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்லும் வழிகளில் ஒன்று பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் கேரளம் ஏறுகிறது. சின்னாற்றை ஒட்டிய காட்டுப் பாதையில் கடை இல்லாதது பெரும் பேறு. கட்டுச்சோற்றை உடுமலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். தின்ற இலையையும் தாளையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். குரங்குக்குப் போடுவது தர்மம் அன்று. காட்டைக் கடந்தால் மறையூர். கரும்பு வயலோரக் கொட்டகைகளில் பாகு காய்ச்சிக் கையால் உருட்டுகிறார்கள். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே சர்க்கரை என்றால் வெல்லமே என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

மூணாற்றில் மரக்கறிக்காரனுக்கு மொழிக் கவலை இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து மலையேற்றப்பட்டவர்களின் சந்ததியார் வாழும் ஊர் அது. கடைத்தெருவில் தமிழ் தாராளமாக ஒலிக்கிறது; இட்லியும் பொங்கலும் கிடைக்கின்றன. பருவ காலத்தில் சுற்றுலாக்காரரை நம்பி விலை ஏறிவிடுகிறது என்பதே என் குறை. இன்னொரு குறை தேநீர். கண்ணுக்கு எட்டிய தூரம் தேயிலைச் செடி. கோப்பையில் பெரும்பாலும் தூள் தேயிலை. ஆயினும் அக்கோப்பையை நான் குறை கூறித் தள்ளுவதில்லை. அந்த இலையைப் பறிக்கும் பெண்கள் 2015 செப்டம்பரில் போனஸும் கூலி உயர்வும் கேட்டு மூணாற்று வீதியில் திரண்டு அமர்ந்தார்கள். அதை அறிந்த பின் தேநீரின் விலையைப் பற்றிப் பேசும்போது நாக்கு சற்றே அடங்குகிறது.

தெற்கே குமுளி, மிளகும் ஏலமும் விளையும் ஊர்; சங்கப் புலவர்கள் சொன்ன பொருளில் 'கறி' விளையும் ஊர். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர் இந்தப் பக்கத்திலிருந்து கிழக்கே இறங்குகிறது. அந்நீரில் விளைந்த கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் காய்கறியும் மலையேறி இக்கடைகளுக்கு வருகின்றன. அவற்றோடு தோட்ட வேலைக்குத் தொழிலாளரும் ஜீப்புகளில் வருகிறார்கள். அவியலில் வெந்திருக்கும் முருங்கைக்காய்க்குத் தான் எந்த மாநிலத்துக் காய் என்பது தெரியாது. பொது இடங்களில் எனக்குள்ள ஒரே விண்ணப்பம், பேருந்து நிலையங்களின் கழிப்பிடமும் கை கழுவும் குழாயும் கடைகளின் காய்ச்சிய நீரளவுக்குக் கவனம் பெற வேண்டும் என்பது. எல்லைக்கு இரு பக்கமும் இவ்விண்ணப்பம் பொருந்தும்.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே, நீங்கள் இருக்கும் ஊரிலும் இதே கணக்குத்தான். வங்காளத்தில் 'நிராமிஷ்' என்று கேட்டால் மீனோடு வெங்காயமும் பூண்டும் கூட நீங்கி வரலாம். ஒவ்வொரு மொழியும் மரக்கறிக்கு வேறு வேலி போட்டிருக்கிறது. அந்த மொழியில் மீனுக்கும் இறைச்சிக்கும் முட்டைக்கும் உள்ள மூன்று பெயர்களையும் கற்றுக்கொள்ளுங்கள். பரிமாறுபவரிடம் இலை போடும்போதே பணிவாகக் கேளுங்கள். நம் உணவு நம் விருப்பம். அதைக் காத்துக்கொள்ளத் தனித் தெருவும் தனிப் பந்தியும் வேண்டியதில்லை. தெளிவான ஒரு கேள்வியும் நேர்மையான ஒரு விடையும் போதும். எல்லைப்புறத்துக் கடைகளில் அந்த நேர்மையை நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.