செய்தியின் அடியில் ஒரு பெயர்

(ஜூபிலி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



புதிய செய்திச் சாதனங்கள் பத்திரிகையையும் அரசியலையும் எவ்வாறு மாற்றி வருகின்றன என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. கடல் போன்ற விஷயம். ஆகவே நம் மாநிலம் சம்பந்தப்பட்ட இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக் கொள்வோம்.

2018-ஆம் ஆண்டு மே மாதம். வடமாநிலப் பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி ஊர் ஊராகப் பரவிற்று. குலதெய்வக் கோயிலுக்கென்று காரில் வந்த ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில் அத்திமூரில் வண்டியை நிறுத்தியது. காரிலிருந்த வயதான அம்மாள் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். கூட்டம் திரண்டு அடித்ததில் அந்த அம்மாள் உயிரிழந்தார்; உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தனர். அடித்தவர்களில் எத்தனை பேர், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெற்றோரையாவது நேரில் பார்த்திருப்பார்கள்?

அடுத்தது 2023 மார்ச். இம்முறை கதை தலைகீழ். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தேடித் தேடித் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. அவற்றில் வேறு எதற்கோ நடந்தவையும் இருந்தன. ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர் தங்களுக்குள் மோதிக் கொண்டது, மற்றொன்று கோவை ஆட்களிடையே நடந்த தகராறு என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். அதற்குள் ஹிந்திப் பத்திரிகையிலும் செய்தி ஏறிவிட்டது. பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் அமளி செய்தனர். அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கு வந்து விசாரித்தது. ஹோலி பண்டிகை நெருங்கிய சமயமாதலால் ஊருக்குப் புறப்பட்டவர்கள் எப்படியும் உண்டு. அந்த ரயில் கூட்டத்தையே பயந்து ஓடும் கூட்டம் என்று காட்டினார்கள். வீடியோ பரப்பியதாகக் கைதான யூடியூபர் ஒருவர், 2024-இல் ஓர் அகில இந்தியக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சொல்லி வைப்போம். பொய் வழக்கு என்று அவர் சொல்லிக் கொள்ளட்டும். அவர் பெயர் பரவியது அந்த வீடியோக்களால்தானே!

இதில் நம்மை உறுத்தும் விஷயம் ஒன்றுண்டு. அந்த வீடியோக்கள் நம்மைப் பற்றியவை. ஆனால் நம்மில் அநேகருக்கு அவை வந்து சேரவேயில்லை. ஹிந்தியில், ஹிந்தி பேசுவோரின் கைகளுக்குள்ளேயே சுற்றின. முன்பு ஒரு பத்திரிகை நம்மைப் பழித்து எழுதினால், காசு கொடுத்து வாங்கிப் படித்து, ஆசிரியருக்கு மறுப்புக் கடிதம் போடலாம். நாம் நுழைய முடியாத அறையில் பேசப்படும் பேச்சுக்கு எப்படி மறுப்புச் சொல்வது? அரசியல்வாதிகளுக்கு இது பெரிய வசதியாகிவிட்டது. மேடையில் பேசினால் நிருபர் இருப்பார், எதிர்க்கட்சிக்காரரும் கேட்பார். ஒரு தெருவுக்கு ஒன்றும் அடுத்த தெருவுக்கு வேறொன்றும் கைபேசியில் சொல்லலாம், தடயமே இராது.

புதிய சாதனம் தீமையே என்று நாம் சொல்ல வரவில்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியது இதே கைபேசியால்தான். எந்தக் கட்சித் தலைவரும் அழைக்கவில்லை. சில நாளிலேயே அவசரச் சட்டம் வந்தது. பத்திரிகை கண்டுகொள்ளாத கிராமத்துக் குறைகளும் இன்று படத்துடன் வெளிவருகின்றன.

ஆனால் பத்திரிகையில் நிருபர் எழுதியதை உதவி ஆசிரியர் திருத்துவார், ஆசிரியர் பொறுப்பேற்பார். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரைப் போட வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. நம் திருவிழா நோட்டீஸின் அடியில்கூட அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்; யாரும் படிப்பதில்லை, ஆனால் இருக்கும். கைபேசியில் 'ஃபார்வர்டு' ஆகி வருவதற்கு அந்தப் பொடி எழுத்து கிடையாது. அனுப்பியவரைக் கேட்டால், "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்பார். பத்திரிகைகளோ, கைபேசியை முந்த வேண்டுமென்ற அவசரத்தில், விசாரிக்கும் தங்கள் வேலையையே குறைத்துக் கொள்கின்றன. 2023-இல் ஹிந்தி ஏட்டில் நடந்தது அதுதான்.

வாட்ஸ்அப் கம்பெனி 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரே வேளையில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று 2020-இல் மேலும் இறுக்கியது. வேகம் தணியும், பெயர் வந்துவிடாது.

நம் பங்கிலும் அன்பியங்களுக்கு, இளைஞருக்கு, பாடகர் குழுவுக்கு என்று வாட்ஸ்அப் குழுக்கள் உள்ளன. பூசை நேரமும் மரண அறிவிப்பும் வருகிற அதே இடத்தில்தான் யாரோ எழுதிய பயமுறுத்தலும் வருகிறது. ஆகவே ஒரு வேண்டுகோள். வெளியிலிருந்து வந்த எந்தச் செய்தியையும் இக்குழுக்களில் போடுகிறவர், அது எங்கிருந்து வந்தது, தாம் யாரிடம் விசாரித்தார் என்று அடியில் தம் பெயருடன் ஒரு வரி எழுத வேண்டும். எழுத இயலாவிட்டால் போட வேண்டாம். இதைப் பங்குப் பேரவை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.