செம்பும் சித்தமும்



நன்கு படித்த பிள்ளை காரணமின்றிச் சினக்கிறான், கையெழுத்துக் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. நாம் அதனைத் திமிர் என்கிறோம். பேய் என்று மந்திரிப்பாரும் உளர். அரிதாக, அது செம்பின் வேலையாக இருக்கலாம்.

உணவில் மிகும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு கழிக்கிறது. பிறவியிலேயே அவ்வாற்றல் குன்றியோர்க்கு அது ஈரலிலும் மூளையிலும் படிகிறது. சிலர்க்கு மனமே முதலில் மாறுகிறது. 1912-இல் லண்டன் மருத்துவர் வில்ஸன் விளக்கிய நோய் இது. 1956-இல் டாக்டர் வால்ஷ் இந்நோய்க்கெனக் கண்ட பெனிசிலமைன் முதலிய மருந்துகளைக் காலத்தே தொடங்கி ஆயுள் முழுவதும் உண்டால் நோய் அடங்கும்.

தாய், தந்தை இருவர் வழியும் குறை சேர்ந்தாலே இது வரும். உறவில் மணம் செய்யும் நாம் இதனை அறிதல் நன்று. ஒரு பிள்ளைக்கு இருப்பின் உடன்பிறந்தாரையும் சோதிக்க வேண்டும்.

கை ஓங்குமுன் மருத்துவரை நாடுவோம். இரத்தம், சிறுநீர், கண் மூன்றும் உண்மை கூறும்.